வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்ன பிறகு

பெரியப்பாவுக்கு வாய்ப்புற்று. ரேடியேஷன் முடிந்து ஏழு மாதம் நன்றாக இருந்தார், அப்புறம் மறுபடி வந்துவிட்டது, இந்த முறை கன்னத்தைத் துளைத்துக்கொண்டு. டாக்டர் எங்களை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா பாத்துக்குங்க" என்றார். பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, "சாப்பாட்டுல எது சேக்கலாம் சார், எது சேக்கக் கூடாது?" அவர் பாவம், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "எது பிடிக்குதோ குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். பெரியப்பாவால் அப்போது வாயை ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாது, மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று மாத்திரைகள் எழுதியிருந்தார்கள்: வாய்வுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, வலிக்குப் பாரசிட்டமால்.

அந்த வாக்கியத்தை, 'பண்றதுக்கு ஒண்ணும் இல்ல' என்பதை, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். டாக்டர் கை விரித்துவிட்டார் என்று ஊரில் சொல்வோம். உண்மையில் அங்கே முடிந்தது நோயைக் குணமாக்கும் முயற்சி மட்டும்தான். நோயாளிக்கு வலி இருக்கிறது, புண் இருக்கிறது, தூக்கமில்லை, பயம் இருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது, அதற்கென்று ஒரு தனி மருத்துவத் துறையே இருக்கிறது. பாலியேட்டிவ் கேர் என்பார்கள், அரசு ஆவணங்களில் நோய் ஆதரவு சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை என்றெல்லாம் வரும். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஹாஸ்பிஸ் என்ற சொல்லும் இதோடு சேர்ந்தே வரும். கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம், அல்லது அந்தக் கட்டத்துக்கான பராமரிப்பு முறை, அதுதான் ஹாஸ்பிஸ். நோய் ஆதரவு சிகிச்சை அதைவிட அகலமானது. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, டயாலிசிஸ் நடக்கும்போதே அதையும் சேர்த்துத் தரலாம், தர வேண்டும். புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பதோ சுமார் 14 விழுக்காட்டினருக்கு. இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

இது தொடங்கிய கதை லண்டனில். சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். 1948-இல் அவர் பார்த்துக்கொண்ட ஒரு நோயாளி, வார்சாவிலிருந்து வந்த யூத அகதி, சொந்தம் என்று யாருமில்லாதவர், சாகும்போது அவருக்கு 500 பவுண்டு விட்டுப்போனார், நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. இல்லத்தைக் கட்டி முடிக்க சாண்டர்ஸுக்கு 19 வருடம் ஆனது. இடையில் தன் சொல்லை டாக்டர்கள் மதிக்க வேண்டும் என்பதற்காகவே முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது.

அவர் கண்டுகொண்ட விஷயம் கேட்க எளிமையானது. அந்தக் காலத்தில் நோயாளி வலியில் கத்தினால்தான் மார்பின் ஊசி. மருந்து இறங்கும், மறுபடி வலி ஏறும், மறுபடி கெஞ்ச வேண்டும். சாண்டர்ஸ் அதைத் திருப்பினார்: வலி வரும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்து, நேரத்துக்கு வாய்வழியாகக் கொடு. அப்படிக் கொடுத்தால் குறைந்த அளவிலேயே வலி அடங்குகிறது, ஆள் தெளிவாகவும் இருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், பணம், சாமி மேல் வரும் கோபம் எல்லாம் ஒன்றாகக் கலந்ததுதான் ஒரு மனிதரின் முழு வலி. இது நம் ஊருக்குப் புதிதாகப் படாது. மகள் கல்யாணம் முடியாமல் கிடக்கும் அப்பாவுக்கு ராத்திரியில் வலி ஏன் கூடுகிறது என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரம் நரகம். வலி ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம். புண் அழுகி வாடை தெருவரைக்கும் அடித்தது. பெரியப்பாவே, "என்னைப் பின்கட்டுல போட்ருங்க" என்று எழுதிக் காட்டினார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, பழப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. புண்ணில் ஒருநாள் புழுவைப் பார்த்தபோது பெரியம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஊர் பேசும் என்று பயந்திருக்கிறார்.

உதவி வந்தது எதிர்பாராத வழியில். பெரியம்மாவுக்குச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவந்து தரும் பெண் அந்த மாதமும் வந்தார், வாடையைக் கவனித்தார், உள்ளே போய்ப் பார்த்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவது பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை தரும் செவிலியரும், இயன்முறை சிகிச்சையாளரும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நான்காம் நாள் நர்ஸ் வந்தார்.

அவர் செய்த முதல் வேலை, நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், வாசலில் இல்லை, பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. "ஐயா, வலி முழுசா ஒரு ரூபாய்னு வெச்சுக்கிட்டா, இப்ப எத்தனை பைசா இருக்கும்?" பெரியப்பா குழறலாக, "பதினாறணாவுந்தாம்மா" என்றார். மூன்று வாரத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நாங்கள் எல்லோரும் 'வலிக்குதா' என்று கேட்போம், அவர் தலையாட்டுவார், அதோடு சரி.

புண்ணுக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தை அப்படியே எழுதுகிறேன், காரணம், இது தெரியாமல் ஒதுக்கிவைக்கப்பட்டு இறந்துபோகிறவர்கள் ஏராளம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். பழைய பருத்தி வேட்டியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, துவைத்து, வேகவைத்துக் காயப்போட்டால் அதுவே கட்டுத்துணி. உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிவிட்டு மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து அதன்மேல் தூவ வேண்டும். வயிற்றுப்போக்குக்கு எழுதுவார்களே, அதே மலிவான மாத்திரைதான். வாடைக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகைக் கிருமி, இந்த மருந்து அதைக் கொல்கிறது. புழுவுக்கு டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை வைத்து, வெளியே வருவதை இடுக்கியால் அவரே எடுத்தார். "ஈ உக்காந்ததால வந்ததும்மா, நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்று பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் அழுத அழுகை இருக்கிறதே. நாலைந்து நாளில் வாடை பெருமளவு அடங்கிவிட்டது. பெரியப்பாவைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம்.

வலிக்கு மார்பின். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், டாக்டர்கள் உட்பட. அபின் செடியிலிருந்து வரும் மருந்து என்றவுடன் போதை, அடிமை, சாவுக்கு முந்தைய கடைசி ஊசி என்று மூன்று பயமும் ஒன்றாக வரும். வலிக்கு ஏற்ப அளந்து, நேரத்துக்கு, வாய்வழியாகக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது, உயிரைச் சுருக்கவும் செய்யாது. முதல் சில நாள் தூக்கக் கலக்கம், குமட்டல் இருக்கும், அது பழகிவிடும். பழகாத ஒன்று மலச்சிக்கல், அதனால் மார்பின் எழுதும்போதே மலம் இளகிப் போவதற்கான மாத்திரையும் சேர்த்து எழுதுவார்கள், எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் படிக்கட்டு மாதிரி ஒரு முறையைத் தந்தது: பாரசிட்டமால் வகை, அதில் நிற்காவிட்டால் கோடீன் போன்ற நடுத்தர மருந்து, அதிலும் நிற்காவிட்டால் மார்பின். நரம்பு வலிக்கு வேறு மாத்திரைகள் உண்டு. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்கு ஒரே ஒருமுறை கொடுக்கும் ரேடியேஷன்கூடப் பலருக்குப் பெரிய நிம்மதி தரும். பெரியப்பாவுக்குக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மட்டும் இரட்டிப்பு அளவு, நடுவில் எழுப்பாமல் தூங்கட்டும் என்று. பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு டிக் அடித்தார். மூன்றாம் நாள் நர்ஸ் போனில் கேட்டபோது, "நாலணா" என்றார் பெரியப்பா.

இத்தனைக்கும் மார்பின் விலை உயர்ந்த மருந்து கிடையாது. உலகில் சட்டப்படி அபின் பயிரிட்டு மருந்துத் தொழிலுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் பயிராகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன. அப்படி இருந்தும் நம் நோயாளிக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலைத் தடுக்கப் போட்ட சட்டம்தான். ஆனால் ஒரு மருத்துவமனை மார்பின் வாங்க வேண்டுமென்றால் பல துறைகளில் பல உரிமங்கள், ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும், கணக்கில் பிசகு வந்தால் சிறை. எதற்கு வம்பு என்று மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் வைப்பதையே நிறுத்திவிட்டன. அடுத்த 12 ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அந்தக் காலத்தில் படித்து வந்த டாக்டர்களில் பலர் மார்பின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே வேலைக்கு வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் வந்தன, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்தால் போதும், மருத்துவமனை வாங்கி வைக்கலாம் என்று நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. திருத்தத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களில் முதன்மையானவர் கேரளத்து மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். சட்டம் மாறியது, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் இன்றும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையைத் தேடித்தான் போக வேண்டும்.

ராஜகோபாலும் நண்பர்களும் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்ன அளவில் ஒரு வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். நோயாளிகள் தூரத்திலிருந்து பஸ்ஸில் வலியோடு வருவதைப் பார்த்து, நாமே வீட்டுக்குப் போகலாம் என்று மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மலப்புறத்தில் அது டாக்டர் கையிலிருந்து ஊர் கைக்குப் போனது. வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கும் ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர், வீட்டுப்பெண்கள், இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யார் வீட்டில் அரிசி இல்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் நின்றுவிட்டது என்பது இவர்களுக்குத்தானே தெரியும். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது, பஞ்சாயத்துப் பணத்தில் நர்ஸ் வீடு வீடாகப் போகும் ஏற்பாடு வந்தது. 2010-இல் 40 நாடுகளை ஒப்பிட்டு, எங்கே மனிதர்கள் நல்லபடியாகச் சாக முடிகிறது என்று ஓர் ஆய்வு வெளிவந்தபோது இந்தியாவுக்குக் கடைசி இடம், ஆனால் அதே அறிக்கை கேரளத்தை நம்பிக்கை தரும் முன்மாதிரியாகக் காட்டியது. நம் பக்கமும் வெறுமையாக இல்லை. சென்னையில் ஜீவோதயா போன்ற ஹாஸ்பிஸ்கள் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்கின்றன, டீன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் வீடுகளுக்குப் போகின்றன, வேலூர் சி.எம்.சி-யில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் டாக்டர் வராண்டாவில் நின்று பேசும் அந்த இரண்டு நிமிடத்தில் இவற்றில் ஒன்றின் பெயராவது சொல்லப்பட வேண்டுமே.

அதுவும் எப்போது சொல்ல வேண்டும் என்பது முக்கியம். 2010-இல் அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, எல்லோருக்கும் நோய் பரவிய நிலை. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து நன்றாக இருந்தார்கள், கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்களில் குறைவானவர்களே எடுத்துக்கொண்டார்கள், ஆனாலும் சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். முதல் பிரிவினர் 8.9 மாதம். 'அந்த டாக்டர்கிட்ட அனுப்புறாங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்' என்று நம் வீடுகளில் நினைக்கிறோம், அதனாலேயே தள்ளிப்போடுகிறோம்.

தள்ளிப்போடுவதற்கு இன்னொரு காரணம், நோயாளிக்குத் தெரியக் கூடாது என்ற பிடிவாதம். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." பாசத்தில் சொல்வதுதான், நாங்களும் சொன்னோம். ஆனால் படுத்திருப்பவருக்குத் தன் உடம்பு தெரியாதா? அவருக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியக் கூடாது என்று அவர் நடிக்கிறார், நாம் பதிலுக்கு நடிக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நர்ஸ் பெரியப்பாவிடம், "உங்க உடம்பைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். பெரியப்பா சிலேட்டில் எழுதினார்: 'தை தாண்டாது. வெட்டிய கரும்புக்குப் பணம் வரணும். பத்திரம் பீரோவில்.'

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதை வேறு. வென்டிலேட்டரில் வைத்த பிறகு எடுக்கலாமா கூடாதா என்று குடும்பம் தவிக்கும், தினக்கட்டணம் ஏறும், கடைசியில் 'மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் ஒருவர் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர, வாசலில் இறக்கிக் குழாயை எடுப்பார்கள். நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. மருத்துவ ஆலோசனையை மீறிப் போவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும்போது வலிக்கோ மூச்சுத் திணறலுக்கோ ஒரு மருந்தும் பெரும்பாலும் கூட வராது, எனக்கு இதில்தான் மிகுந்த கோபம். சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்று தீர்ப்பளித்தது. மீள வாய்ப்பில்லாத நிலையில் எனக்கு இயந்திரங்கள் வேண்டாம் என்று சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம், லிவிங் வில் என்பார்கள். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்தெல்லாம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். எழுதி வைக்காதவர்களுக்கும் டாக்டர்கள் குழு இரண்டு கட்டமாகப் பார்த்து, குடும்பத்தின் சம்மதத்தோடு சிகிச்சையை நிறுத்த வழி இருக்கிறது. இதைக் கருணைக்கொலையோடு குழப்ப வேண்டாம். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை, நோய் ஆதரவு மருத்துவர்களும் அதைச் செய்வதில்லை.

கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று நர்ஸ் எங்களுக்கு முன்னமே சொல்லிவைத்தது பெரிய உதவி. பசி அடங்கிப்போகும், அது பட்டினி இல்லை, உடம்பு மெல்ல மூடிக்கொள்கிறது, அப்போது வற்புறுத்தி ஊற்றும் கஞ்சியும் ஏற்றும் குளுக்கோஸும் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் மாறும். நம் ஊரில் சாப்பிட வைப்பதுதான் அன்பு, அதனால் பெரியம்மாவுக்கு இது மட்டும் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: சுத்தமான பஞ்சை இளநீரில் நனைத்து அரை மணிக்கு ஒருதரம் உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துவது. மூச்சு வாங்கினால் சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார், கன்னத்தில் படும் காற்று மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்குமாம். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும், கேட்கிற நமக்குத்தான் பயம், அவருக்கு அது தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்று நின்று வரும். கை கால் குளிரும். அப்போது 108-ஐக் கூப்பிட்டு ஓட வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள் என்றார்.

மார்கழி கடைசியில், விடிகாலை, திண்ணையில்தான். பேரன் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியம்மா மீதி மார்பின் மாத்திரைகளை எண்ணி ஒரு தாளில் மடித்து வைத்திருந்தார், பதினான்கு. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கணக்கு உண்டு. நர்ஸ் வந்து எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அப்புறம் கிளம்பாமல் அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்ப நீங்க சொல்லுங்கம்மா, ராத்திரி தூக்கம் வருதா?" என்றார். பெரியம்மா பத்து மணி மாத்திரைக்கு இன்னமும் எழுந்துவிடுவதாகச் சொன்னார்.